கலயமும் புட்டியும்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, கள்ளையும் பீரையும் பற்றி எழுதலாமா என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவர் சற்றுத் திகைத்து, "குடும்பத்தோடு படிக்கும் மலராயிற்றே" என்றார். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கவில்லையா என்றோம். சிரித்துக்கொண்டே இசைந்தார். ஆதலின் தாய்மார்கள் முகஞ்சுளிக்க வேண்டா. யாரையும் குடிக்கச் சொல்லி இதனை எழுதவில்லை. குடிப்பவர் குடிப்பர், குடியாதவர் குடியார். வரலாறு இரு சாராருக்கும் பொது.

இக்கட்டுரைக்கு வித்திட்டது, சென்ற ஓணத்தை ஒட்டி நம் காலனியில் நிகழ்ந்த ஒரு வாக்குவாதம். கோயம்புத்தூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், பீர் கனவான்கள் அருந்துவது, கள் கூலிக்காரர் குடிப்பது என்றார். பாலக்காட்டு எல்லையில் பிறந்த மற்றொருவர், கள் இயற்கை தந்தது, லாகர் என்று புட்டியில் வருவதோ ஊரும் பேரும் இல்லாத கைப்பு நீர் என்று மறுத்தார். இருவரும் தத்தமக்குப் பிடியாத பானத்தின் சரித்திரத்தை அறியாமலே பேசுகின்றனர் என்று நமக்குத் தோன்றிற்று. இருபது ஆண்டுகளாக இரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் பேரேடு புரட்டும் நமக்கு, எப்பொருளைக் கண்டாலும் முதலில் எழும் கேள்வி, இஃது எத்தனை நாள் தாங்கும், எவ்வளவு தூரம் போகும் என்பதே. கள்ளின் கதையும் லாகரின் கதையும் இக்கேள்விக்குள் அடங்கிவிடும் என்பது நம் துணிபு.

முதலில் கள்ளைப் பார்ப்போம். தென்னை அல்லது பனையின் விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுவர். சில நாட்களில் சாறு சொட்டத் தொடங்கும். சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீரே. காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிகள் அதில் விழுந்த கணம் முதல் சர்க்கரை சாராயமாக மாறுகிறது. யாரும் காய்ச்ச வேண்டுவதில்லை. மாவு சேர்க்க வேண்டுவதில்லை. காலையில் இறக்கியது இனிப்பும் புளிப்புமாய் இருக்கும், மாலையில் கடுக்கும், மறுநாள் காடியாகிவிடும். இந்நாட்டுச் சமையற்கட்டில் அக்காடிக்கும் இடமுண்டு. ஆப்பமாவைப் புளிக்கவைப்பதும் அக்கள்ளேதான். ஆனால் கள்ளுக்கு நாளை என்பது கிடையாது. இதுவே அதன் அழகு, இதுவே அதன் தலைவிதி.

நாம் முன்பு பணிபுரிந்த ஒரு நிலையத்தில், பெயர் வேண்டா, பயணி ஒருவர் பிளாஸ்டிக் கேனில் எதையோ அடைத்து, மூடியை இறுகத் திருகி, இருக்கைக்கு அடியில் தள்ளியிருந்தார். சித்திரை வெயில். வண்டி நின்றிருந்த கால் மணி நேரத்தில் வெடிச் சத்தம் போல் ஓர் ஓசை. மூடி கூரையில் மோதிற்று. பெட்டி முழுவதும் வெண்ணுரை. அடுத்து அமர்ந்திருந்த அம்மையாரின் பட்டுப்புடவை நனைந்ததைப் பற்றி இங்கே விரிக்க வேண்டா. புளிக்கும் பொருளை அடைத்து வைக்க முடியாது என்னும் விஞ்ஞான உண்மையை நாம் அன்று கண்ணாரக் கண்டோம்.

இனி லாகர். இச்சொல்லின் பொருளைக் கேட்டால் நம்மவர் வியப்பர். ஜெர்மன் மொழியில் லாகர் என்றால் கிடங்கு, சேமித்து வைத்தல் என்று பொருள். சரக்குக் குமாஸ்தாவுக்கு இதைவிட உறவான சொல் எது? பவேரிய நாட்டார் முளைகட்டிய பார்லியை நீரில் வேகவைத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்து, குளிர்ந்த குகைகளில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் சேமித்து வைத்தனர். பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறொன்றும் சேர்க்கலாகாது என்று 1516-ல் அங்கே ஆணை பிறந்தது. கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகிறது என்று கண்டு, 1553-ல் கோடைக்காலக் காய்ச்சலையே தடை செய்தனர். இத்தடைதான் லாகரை வளர்த்தது என்பர். குளிரில் வேலை செய்யும் ஒரு நொதி மட்டும் அக்குகைகளில் நிலைத்தது. அது மேலே நுரையாகப் பொங்காமல் அடியில் படியும், மெதுவாகவே புளிக்கும். சாதாரண நொதியும், குளிர் தாங்கும் வேறோர் இன நொதியும் கலந்து பிறந்த கலப்பினம் அது. அவ்விரண்டாவது இனத்தைத் தென்னமெரிக்காவின் பதகோனியக் காடுகளில் கண்டதாக அறிஞர்கள் 2011-ல் வெளியிட்டனர். எங்கோ பவேரியக் குகை, எங்கோ பதகோனியா!

1842-ஆம் ஆண்டு பொஹீமியாவிலுள்ள பில்ஸன் நகரத்தார், தங்கள் ஊர்ப் பீரின் தரத்தில் வெறுப்புற்று, பவேரியாவிலிருந்து ஜோசப் குரோல் என்பவரை அழைத்துக் காய்ச்சச் சொன்னார்கள். அவர் வடித்தது பொன்னிறமாய்த் தெளிந்திருந்தது. இன்று உலகெங்கும் புட்டிகளில் விற்கும் பீரில் மிகப் பெரும்பகுதி அதன் வழித்தோன்றலே. பின்னர் பாஸ்டர் 1876-ல் பீரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். லிண்டே என்னும் ஜெர்மானியப் பொறியாளரின் குளிரூட்டும் இயந்திரம் மதுச்சாலைகளுக்கென்றே முதலில் உழைத்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் சாலையின் ஆய்வகத்தில் ஹான்சன் என்பவர் 1883-ல் ஒற்றை நொதியைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். ஆக, பாலக்காட்டு நண்பர் கூறியது போல் லாகர் ஊர் பேர் இல்லாததன்று. அதற்கு ஊரும் உண்டு, பேரும் உண்டு, நூறாண்டுப் பொறுமையும் உண்டு. ஓர் அறையைக் குளிர்வித்து வாரக்கணக்கில் காத்திருப்பதும் ஒரு கைத்திறமையே.

கோயம்புத்தூர் நண்பருக்கும் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். பீர் வெள்ளைக்காரன் கொணர்ந்தது என்று அவர் எண்ணுகிறார். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பைப் பாடுமிடத்து ஒரு மதுவின் செய்முறையை விரிவாகக் கூறுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, முளைகட்டிய தானியத்தை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விட்டு, சாடியில் முற்றவைத்துப் பிழிந்தெடுக்கும் முறை அது. முளைத் தானியத்தால் மாவுப் பொருளைச் சர்க்கரையாக்கிப் புளிக்கவைப்பது எதுவோ அதுவே பீர். பார்லி இல்லை, ஹாப்ஸ் இல்லை. ஆயினும் தொண்டை நாட்டு வலைஞர் இல்லத்தில் பீர் வடித்தனர் என்று கூறுவதில் பிழையில்லை. இல்லத்தில் அட்ட நெல்மதுவுக்குத் தோப்பி என்று ஒரு பெயரும் அந்நூலில் உண்டு. இவ்வளவு அழகான சொல்லை நாம் எப்படித் தொலைத்தோம்?

அந்நாளில் மதுவை இழிவென்று யாரும் மறைக்கவில்லை. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறப்பாட்டில், கள் கொஞ்சமாயிருந்த நாளில் அதைத் தமக்கே தந்துவிட்டான் என்று நினைந்து அழுகிறார். மன்னனின் பெருந்தன்மைக்கு அளவுகோல் கள்!

அயல்நாட்டுப் புட்டியும் அன்றே வந்துவிட்டது. நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கலங்களில் கொணர்ந்த மதுவை மகளிர் ஏந்தித் தர அருந்துவாயாக என்கிறார். அந்த யவனர் வந்திறங்கிய முசிறி, நம் ஆலுவாவைத் தழுவி ஓடும் இப்பெரியாற்றின் முகத்துவாரத்தை ஒட்டியிருந்தது. இங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய, வடக்குப் பறவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரில், கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தார் 2007 முதல் அகழ்ந்தபோது, மதுச்சாடிகளின் ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஆம்போரா எனப்படும் அச்சாடிகளின் உட்புறம் கீல் பூசி மது கசியாமல் காத்தனர். கிறிஸ்து பிறந்த முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்ளஸ் என்னும் கிரேக்க மாலுமி நூல், முசிறியில் இறங்கும் சரக்குகளுள் மதுவையும் குறித்து, அதிகம் இல்லை என்றும் சேர்த்து எழுதுகிறது. ஏன் அதிகம் இல்லை? நூலாசிரியர் காரணம் கூறவில்லை. கரையெல்லாம் தென்னை நிற்கையில் கடல் கடந்து வந்ததை யார் விலை கொடுத்து வாங்குவர் என்பது நம் ஊகம். இதை ஊகமாகவே கொள்க.

பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் இதே கதை திரும்பிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கப்பல்களில் இலண்டனிலிருந்து பீர் வந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பூமத்திய ரேகையை இருமுறை கடந்து பல திங்கள் பயணம். ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்த்தால் கெடாமல் வருகிறது என்று கண்டனர். இலண்டனில் ஹாட்ஜ்சன் என்பாரின் சாலை அவ்வணிகத்தில் பெயர் பெற்றது. இந்தியா பேல் ஏல் என்று இன்று பெருநகர்களில் மதிப்போடு பருகுவது அதன் மரபுதான். நம் நாட்டுப் பெயர் தாங்கியிருப்பினும் நம் நாட்டார் குடிப்பதற்காக அது வரவில்லை. இங்கிருந்த வெள்ளையருக்காக வந்தது.

லாகருக்கோ ஹாப்ஸ் மட்டும் போதாது, குளிர் வேண்டும். பில்ஸனில் குரோல் பொற்பீர் வடித்த அதே 1842-ல் தான் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றிக் கொணர்ந்து அங்கே அடுக்கினார்கள். சுவாமி விவேகானந்தர் 1897-ல் தங்கிய கட்டடமும் அதுவே. பனிக்கட்டிக் கிடங்கு துறவியின் பெயர் தாங்கும் இல்லமானது காலத்தின் விளையாட்டு.

இந்தியாவில் பீர் காய்ச்சத் தலைப்பட்டவர்கள் குளிரைத் தேடி மலையேறினர். எட்வர்டு டையர் 1855-ல் இமயச் சாரலில் கசௌலியில் தொடங்கினார். பிறகு ஸோலனுக்குப் பரவிற்று. கால்கா–சிம்லா மலைப்பாதை 1903-ல் திறந்தபோது அச்சாலைக்கென்றே ஸோலன் புரூவரி என்று ஒரு நிலையம் ஏற்பட்டது. மதுச்சாலையின் பெயரை நிலையப் பலகையில் தாங்கும் பெருமை நம் இலாகாவுக்கு உண்டென்பதை இங்கே சற்றுக் கூச்சத்தோடு பதிவு செய்கிறோம். தெற்கே நீலகிரியிலும் பெங்களூரிலும் சிறு சாலைகள் தோன்றின. அவற்றின் பீர் பெரும் பீப்பாய்களில் மாட்டு வண்டியேறிப் பட்டாளத்துக்குப் போயிற்று. தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் அவற்றை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் என்று பெயரிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பனிக்கட்டி, இருப்புப்பாதை, புட்டி இம்மூன்றும் சேர்ந்து லாகருக்குக் கால் முளைக்கச் செய்தன. கள்ளுக்குக் கால் முளைக்கவில்லை. அது மரத்தடியிலேயே நின்றது. தொலைதூரம் போவதைச் சர்க்கார் மதித்தது. மரத்தடியில் நிற்பதைச் சந்தேகித்தது. மரத்துக்கு வரி, இறக்க உரிமம், விற்க ஏலம் என்று சட்டங்கள் பெருகின. இன்றும் கேரளத்தில் செல்லுபடியாகும் அப்காரிச் சட்டம் பழைய கொச்சி சமஸ்தானத்தார் கொல்லம் ஆண்டு 1077-ல், அதாவது 1901-02-ல், இயற்றியது. ஷோரணூரிலிருந்து ஆலுவா வழியாக எறணாகுளத்துக்கு முதல் வண்டி ஓடியது 1902-ல். இருப்புப்பாதையும் அப்காரிச் சட்டமும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் போலும்!

நம் தமிழகத்தில் நடந்ததை நாம் நூலில் படித்து எழுதவில்லை. இராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. நம் பாட்டனார் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனையேறி. நாற்பது பனைகள். அதுமுதல் அவர் கள் இறக்கவில்லை, பதநீரே இறக்கினார். பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். யவனன் சாடியில் கீல் பூசியது போல நம் பாட்டனார் கலயத்தில் சுண்ணாம்பு பூசினார். அவன் பூசியது மதுவைக் காக்க, இவர் பூசியது மது ஆகாமல் காக்க. சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் கள்ளாகிவிடும், கள்ளானால் வழக்கு. ஒரு மாசி மாதம் மழைச் சாரலில் நாலைந்து கலயங்களில் சுண்ணாம்பு கரைந்துவிட்டது. சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் மோந்து பார்த்தார். பாட்டனார் ஒரு பகல் முழுதும் கச்சேரி வாசலில் குந்தியிருந்து, அபராதம் கட்டிவிட்டு வந்தார். அதைப் பற்றி அவர் வீட்டில் ஒரு சொல்லும் சொன்னதில்லை. பாட்டியார் சொல்லித்தான் நாம் அறிவோம்.

விலக்கு 1971-ல் தளர்ந்தது, 1974-க்குள் திரும்பி வந்தது, 1981-ல் மீண்டும் போயிற்று. 1987 முதல் தமிழகத்தில் கள்ளுக்குத் தடை நிலைத்துவிட்டது. பீருக்கும் பிராந்திக்கும் கடைகள் உண்டு. நாம் பள்ளியில் படித்த நாளில், ஒரு மாலை பாட்டனாரோடு கடைத்தெருவில் நடந்தபோது, பெட்டிகளாக லாரியிலிருந்து பீர் இறங்கிற்று. பாட்டனார் நின்று பார்த்தார். "எலேய், அதுவும் புளிச்ச தண்ணிதானல?" என்று கேட்டார். ஆம் என்றோம். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டு சுண்ணாம்பு தடவிய விரல்கள் வெடித்து வெளுத்திருந்தன. அக்கேள்விக்கு விடை காணவே நாம் இவ்வளவும் படித்தோம் எனினும் ஆகும்.

ஆனால் ஆலுவாவில் அமர்ந்து எழுதும் ஒருவர் மறு பக்கத்தையும் காட்டாமல் விட்டால் அது நேர்மையாகாது. ஸ்ரீ நாராயண குரு இப்பெரியாற்றங்கரையில் அத்வைத ஆசிரமம் நிறுவி, 1924-ல் சர்வமத மாநாட்டைக் கூட்டியவர். மதுவை நஞ்செனக் கூறி, காய்ச்சுவதும் கொடுப்பதும் குடிப்பதும் கூடாதென்றார். கள்ளிறக்கும் தொழிலை மரபாகக் கொண்ட ஈழவ மக்களிடையே பிறந்தவரே அதைச் சொன்னார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தொழிலின் பேரால் தம் மக்களுக்கு வந்த இழிவையும், கடையில் கரைந்த கூலியையும் அவர் அறிந்தவர். தமிழகத்தில் ஈ.வெ.ரா. அவர்கள் தம் தோட்டத்துத் தென்னைகள் 500-ஐ வெட்டிச் சாய்த்ததும் அதே காலத்தில்தான். ஆற்றங்கரையில் குரு, ஈரோட்டில் பெரியார், ஆறும் பெரியாறு! குடியால் குடும்பம் கெடுவதைக் கண்ட பெரியோரின் சொல்லை எள்ளி நகையாட நமக்கு உரிமை கிடையாது. நம் பாட்டியார்கூட மதுவிலக்கை வாழ்த்தியவரே. நமக்குள்ள மனக்குறை, விலக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றாக நிற்கவில்லை என்பதுதான். பனையேறியின் கலயம் உடைந்தது, புட்டி உடையவில்லை.

கேரளம் வேறு வழி கண்டது. சாராயக் கடைகளை 1996-ல் மூடிற்று. கள்ளுக் கடைகளை வைத்துக்கொண்டது. 2014-ல் ஐந்து நட்சத்திர விடுதிகள் தவிர்த்த மதுக்கூடங்களை மூடியபோது, அவற்றுள் பல பீர், ஒயின் நிலையங்களாக உயிர் தரித்தன. கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கள்ளுமாகக் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் கடைகளை இங்கே வந்த புதிதில் கண்டு நாம் வாய் பிளந்தோம். அங்கும் எல்லாம் நலமென்று கூற முடியாது. உள்ளூரில் மரமேற ஆள் குறைந்துவிட்டது. பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளிலிருந்து வண்டியில் கள் வந்துதான் பல கடைகள் நடைபெறுகின்றன. மரத்தடியில் நிற்பது என்று மேலே எழுதினோமே, அக்கள்ளும் இப்போது சிறிது பயணம் செய்யக் கற்றுக்கொண்டது.

மற்றொரு புறம், பெரும் சாலைகளின் ஒரே சுவையில் சலித்தவர்கள் சிறு சாலைகளைத் தொடங்கினர். 2009-ல் புனே நகரில் டூலாலி என்பது தோன்றிற்று. பின்னர் பெங்களூரில் பல பெருகின. அந்தந்த இடத்திலேயே காய்ச்சி, புட்டியில் அடைக்காமல், புதிதாக வார்த்துத் தருவது அவர்கள் முறை. பெங்களூரில் பணியாற்றும் மைத்துனர் நம்மை ஒருமுறை அழைத்துச் சென்று, ஏல் ஒன்றும் லாகர் ஒன்றுமாக இரு சிறு கோப்பைகள் வைத்தார். ஏல் பழமணம் வீசிற்று. கட்டுரையில் பொய் கூறலாகாது. நமக்கு லாகரே பிடித்தது. அடைபடாத லாகர் மெல்லிய அப்ப மணத்தோடு, கைப்பு நாவில் தங்காமல் போயிற்று. பாலக்காட்டு நண்பர் கைப்பு நீர் என்றது, வெயிலில் நின்ற பெட்டியிலிருந்து எடுத்த புட்டியைக் குடித்துச் சொன்ன தீர்ப்பென்று அன்று புரிந்தது. மறுநாள் கள்ளைக் குடித்துவிட்டுக் கள் இப்படித்தான் என்று கூறுவதற்கு அது நிகர்.

இன்னுமொரு செய்தி. போலந்து நாட்டில் வாழும் மலையாளிகள் இருவர், அங்கே விற்காமல் தேங்கிக் கிடந்த அவல் மூட்டைகளை என்ன செய்வதென்று யோசித்து, 2022-ல் அதைச் சேர்த்து லாகர் காய்ச்சுவித்தனர். அதற்கு "மலையாளி" என்றே பெயரும் இட்டனர். கிடங்கில் தேங்கிய சரக்கிலிருந்து கிடங்கு என்று பெயர் பெற்ற பானம்! அரிசியில் பீர் வடித்த தொண்டை நாட்டு வலைஞரைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருப்பார்களா என்பது நமக்குத் தெரியாது. மேற்படி நண்பர்கள் இருவருக்கும் இச்செய்தியைச் சொன்னோம். கோயம்புத்தூர்க்காரர் அது கள்ளுக்குச் சமம் என்றார்; பாலக்காட்டுக்காரர் அவல் இருப்பதால் அதை ஒருமுறை குடித்துப் பார்க்கலாம் என்றார். நாம் இன்னும் சுவைத்ததில்லை. கிடைக்கும் நாளில் செயலாளருக்குத் தெரிவிப்போம். அவர் மலரில் போடுவாரோ மாட்டாரோ, அஃது அவர் விருப்பம்.